முன்பக்க ஹெட்போன் ஓட்டையின் கதை

கேபினட்டின் முன்பக்கம் ஹெட்போன் செருக ஒரு ஓட்டை இருக்குமே, அதில் செருகினால் சத்தம் வராது. பின்னாடி செருகினால் வரும். உடனே "சவுண்டு கார்டு போச்சு" என்று தீர்ப்பு எழுதி, புதுசு வாங்க நாகர்கோவிலுக்கு பஸ் ஏறிவிடுவார்கள். பின்பக்கம் சத்தம் வருகிறது என்றால் சவுண்டு சிப் உயிரோடுதான் இருக்கிறது. அப்புறம் ஏன் இந்தத் தொல்லை? கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும்.

1878 வாக்கில் அமெரிக்காவில் சார்லஸ் ஸ்கிரிப்னர் என்பவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு இணைப்பைச் செய்தார். பார்க்க மடக்குக் கத்தி போல இருந்ததால் ஜாக்நைஃப் என்றார்கள், சுருங்கி ஜாக் ஆனது. (சென்னையில் எக்ஸ்சேஞ்ச் வந்தது 1882-ல்.) டிரங்க் கால் புக் பண்ணி நம் தாத்தாக்கள் காத்துக்கிடந்த காலத்திலும் ஆபரேட்டர் கையில் இருந்தது இந்த பிளக்தான். அதே சாதனம் 3.5 மில்லிமீட்டராக இளைத்து டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் போனது, 1979-ல் வாக்மேனோடு உலகம் சுற்றியது.

ரேடியோவில் ஒரு எளிய தந்திரம் உண்டு. ஓட்டைக்குள் ஒரு தகடு இருக்கும். பிளக் அதைத் தள்ளும், ஸ்பீக்கருக்குப் போகும் இணைப்பு அறுந்துவிடும். இன்டெல் 1997-ல் கொண்டுவந்த ஏசி'97 முறையில் வந்த முன்பக்க ஜாக்குகளும் இதையே செய்தன. சத்தம் முதலில் முன்பக்க ஜாக்குக்கு வந்து, அந்தத் தகடு வழியாகத் திரும்பித்தான் பின்பக்கம் போகும். அதனால்தான் அந்தக் காலத்து போர்டில் முன்பக்க வயரைப் பிடுங்கினால் பின்னாடி ஸ்பீக்கரும் ஊமையாகும். 5-6, 9-10 பின்களை ஜம்பர் போட்டு இணைத்தால் மறுபடி பேசும். குளச்சல், முட்டம் பக்கத்து உப்புக்காற்றில் அந்தத் தகடு துருப்பிடித்தால் கேட்கவே வேண்டாம்.

2004-ல் இன்டெல்லே எச்.டி. ஆடியோவைக் கொண்டுவந்தது. இப்போது தகடு சத்தத்தை அறுப்பதில்லை, தகவல் மட்டும் சொல்லும். ஒவ்வொரு ஜாக்குக்கும் ஒரு ரெசிஸ்டர் மதிப்பு, அதை அளந்து எந்த ஓட்டையில் செருகினோம் என்று சிப் தெரிந்துகொள்ளும். சத்தத்தை எங்கே அனுப்புவது என்பது டிரைவரின் முடிவு.

வில்லங்கம் என்னவென்றால், இரண்டு முறைக்கும் போர்டில் அதே 9 பின் இடம்தான்! நம்ம ஊரில் போர்டை மாற்றுவோம், கேபினட்டை மாற்ற மாட்டோம். பழைய வயரும் புது போர்டில் அழகாகப் பொருந்தும். ஆனால் செருகியதைச் சொல்ல அதில் வழி இல்லை. டிரைவர் அங்கே ஒன்றுமில்லை என்று சும்மா இருந்துவிடும்.

கேபினட் வயரின் நுனியில் இரண்டு கனெக்டர் தொங்கினால் எச்.டி. ஆடியோ என்று எழுதியதை மாட்டுங்கள். ஏசி'97 மட்டும்தான் என்றால் பயாஸில் ஃப்ரண்ட் பேனல் வகையை ஏசி'97 ஆக மாற்றணும். புது போர்டுகள் பலவற்றில் அந்த வசதி கிடையாது. அப்போது ரியல்டெக் மென்பொருளில் முன்பக்க ஜாக் கண்டறிதலை நிறுத்திவைக்கலாம். சத்தம் வந்துவிடும், ஆனால் ஸ்பீக்கர் தானாக அணையாது.

வயரில் கைவைக்கும் முன் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள். முன்பக்க யு.எஸ்.பி.க்கும் பக்கத்திலேயே 9 பின் இடம் இருக்கும். ஆடியோவில் 8-வது பின் இருக்காது, யு.எஸ்.பி.யில் 9-வது இருக்காது. மாற்றி அழுத்தினால் 5 வோல்ட் போகக்கூடாத இடத்துக்குப் போகும். அப்புறம் நிஜமாகவே நாகர்கோவிலுக்கு பஸ் ஏறணும் :-)