பொதுவும் சிறப்பும்: செய்நிரல் மொழிகளிற் பொருள் தோன்றிய வரலாறு

இன்று பெருவழக்கிலுள்ள செய்நிரல் மொழிகள் பல, பொருள் என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டவை. ஈண்டுப் பொருள் என்பது தனக்குரிய தரவுகளையும் அவற்றின்மீது நிகழ்த்தற்குரிய செயல்களையும் ஒருங்கே உடைய தனியலகு. அதனை மொழிகள் எங்ஙனம் வரையறுக்கின்றன, எங்ஙனம் தோற்றுவிக்கின்றன என்பதை அக்கருத்துப் பிறந்த வரலாறே தெளிவாக்கும்.

அது பிறந்த இடம் நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோ. அங்குள்ள நோர்வேக் கணிப்பு நிலையத்திற் பணியாற்றிய கிறிஸ்தன் நீகார்ட், ஓல யோகான் டால் என்னும் இருவரும் 1960களிற் சிமுலா என்னும் மொழியை ஆக்கினர். உலகியல் நிகழ்ச்சிகளைக் கணினியிற் போலச் செய்து ஆராய்தலே அவர்தம் நோக்கம். சுங்கச்சாவடியுள்ள பாலமொன்று அவர்கள் எண்ணிப் பார்த்த எடுத்துக்காட்டு. லொறியும் பேருந்தும் ஒரே வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்றல் இரண்டிற்கும் பொது. சரக்கேற்றலும் பயணிகளை ஏற்றலும் சிறப்பு. பொதுவியல்பை ஒருமுறை கூறிச் சிறப்பியல்பை அதனோடு சேர்த்தல் இயலாதா? இவ்வினாவின் விடையாக 1967இல் வகுப்பும் உபவகுப்பும் சிமுலா 67 மொழியில் இடம்பெற்றன.

வகுப்பு வரையறையே; பொருளன்று. ‘புதிது’ எனப் பொருள்படும் ஆணை நிறைவேறும்போதே நினைவகத்தில் இடம் ஒதுக்கப்பெற்றுப் பொருள் தோன்றுகின்றது. ஒரே வகுப்பிற் பிறந்த இரு லொறிகள் இயல்பால் ஒத்தும் நிலையால் வேறுபட்டும் இருக்கும்.

பின்வந்தோர் இதனைப் பலவாறு வளர்த்தனர். 1970களில் அமெரிக்காவிற் செரொக்ஸ் ஆய்வுநிலையத்தில் அலன் கே முதலியோர் வளர்த்த ஸ்மோல்ரோக் மொழியில் வகுப்பும் ஒரு பொருளாயிற்று; புதுப்பொருள் வேண்டின் வகுப்பிற்கே செய்தி அனுப்புதல் வேண்டும். சிமுலாவிற் பயின்ற பியார்ண ஸ்ரோஸ்ரப் 1979இல் தொடங்கிய முயற்சி சீ பிளஸ் பிளஸ் மொழியாக மலர்ந்தது. அதிற் பொருள் தோன்றும்போது ஆக்கியும் மறையும்போது அழிப்பியும் தாமே இயங்குவன.

வகுப்பு இன்றியமையாததா? அன்று என்றனர் டேவிட் உங்கரும் ரண்டல் சிமித்தும். 1987இல் அவர்கள் விளக்கிய செல்ஃப் மொழியில் வகுப்பில்லை. முன்மாதிரிப் பொருளைப் படியெடுத்தே புதியது ஆக்கப்படும். 1995இற் பிரெண்டன் ஐக் ஆக்கிய யாவாஸ்கிரிப்ற் முன்மாதிரிக் கொள்கையைத் தழுவியது. 2015இல் வகுப்பு என்னும் சொல் அம்மொழியிற் புகுந்தபின்னும் அடியில் நிற்பது முன்மாதிரியே.

2001ஆம் ஆண்டிற்குரிய ரியூறிங் விருதைப் பெற்ற டாலும் நீகார்டும் 2002இல் மறைந்தனர். அவர்கள் விட்டுச்சென்ற பாடம் பெரிது. மாணாக்கர் பலர் வகுப்பின் எழுத்துமுறையை மனனஞ் செய்து, எது பொது, எது சிறப்பு என எண்ணாது எழுதுகின்றனர். பகுப்புப் பிழைபடின், எழுத்துமுறை வழுவாத செய்நிரலும் பயன்தராது. பொருட்கருத்துப் பாலத்தில் நின்ற வண்டிகளை உற்றுநோக்கியதால் வளர்ந்தது. அதனைக் கற்போரும் முதலில் உலகை நோக்குதல் வேண்டும்.