வளைவுத் திருப்புத்திறன்

பளுவைச் சுமந்து நிற்கும் ஓர் உத்திரத்தை அதன் நீளத்தில் ஏதேனும் ஓரிடத்தில் குறுக்கே வெட்டியதாகக் கற்பனை செய்துகொண்டால், அவ்வெட்டுக்கு ஒரு பக்கத்தில் உள்ள பளுக்களும் தாங்கிகளின் எதிர்விசைகளும் அவ்விடத்தைப் பற்றி உண்டாக்கும் திருப்புத்திறன்களின் கூட்டுத்தொகையே அவ்விடத்து வளைவுத் திருப்புத்திறன் எனப்படும். எந்தப் பக்கத்திலிருந்து கணக்கிட்டாலும் அளவு ஒன்றே. ஆதலால் எப்பக்கத்தில் விசைகள் குறைவோ அப்பக்கத்தை எடுத்துக்கொள்வது சிரமத்தைக் குறைக்கும். விசையைத் தூரத்தால் பெருக்கி வருவதால் இது கிலோநியூட்டன் மீட்டரில் அளக்கப்படுகிறது. உத்திரத்தைக் கீழ்நோக்கித் தொய்ய வைக்கும் திருப்புத்திறனை நேர்க்குறியாகவும், மேல்நோக்கிப் புடைக்க வைப்பதை எதிர்க்குறியாகவும் கொள்வது பொது வழக்கம்.

இவ்விஷயத்தைக் கணித முறையில் முதன்முதல் விரிவாக ஆராய்ந்த பெருமை கலிலியோவைச் சேரும். 1638-இல் லெய்டன் நகரில் வெளியான 'இரு புதிய விஞ்ஞானங்கள்' என்னும் நூலில், ஒரு முனை சுவரில் புதைந்து மறுமுனையில் பளு தொங்கும் உத்திரத்தை எடுத்துக்கொண்ட அவர், அதன் வலிமை ஆழத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதைச் சரியாகக் கண்டார். ஆயினும் வெட்டுமுகம் முழுவதும் ஒரே அளவில் இழுபடுவதாகவும், உத்திரம் தன் அடிவிளிம்பைப் பற்றியே திரும்புவதாகவும் கொண்டமையால், அவர் கணித்த எதிர்ப்புத்திறன் பிற்காலச் சித்தாந்தம் தரும் அளவைப்போல் மும்மடங்காயிற்று. ஒரு பக்கத்து இழைகள் நீள, மறுபக்கத்தவை சுருங்க, இடையே நீளாமலும் சுருங்காமலும் ஒரு நடுநிலை அடுக்கு உண்டு என்னும் உண்மை பதினெட்டாம் நூற்றாண்டில் கூலோம் போன்றோரால் தெளிவுபெற்று, 1826-இல் நவியே வெளியிட்ட விரிவுரைகளில் நிலைபெற்றது.

இரு முனைகளிலும் வெறுமனே தாங்கப்பட்ட உத்திரத்தின் நடுவில் ஒரே பளு இருந்தால், பெரும அளவு அப்பளுவை நீளத்தால் பெருக்கி 4-ஆல் வகுத்தால் கிடைக்கும். அதே பளு நீளம் முழுதும் சீராகப் பரவியிருந்தால் 8-ஆல் வகுக்க வேண்டும். இவ்விரண்டும் மாணவர் மனப்பாடம் செய்பவை. ஆனால் கணக்கின் சாரம் விளங்க வேண்டுமானால், உத்திரம் தாங்கியைக் கடந்து வெளியே நீண்டிருக்கும் நிலையை ஆராய்வதே தக்கது.

4.5 மீட்டர் இடைவெளியில் இரு சுவர்கள்மேல் அமர்ந்து, வலச் சுவரைத் தாண்டி மேலும் 1.5 மீட்டர் தாழ்வாரத்தின்மேல் நீளும் ஓர் உத்திரம், மீட்டருக்கு 16 கிலோநியூட்டன் வீதம் 6 மீட்டர் நீளமும் பளு சுமக்கிறது என்போம். மொத்தப் பளு 96 கிலோநியூட்டன்; அது இடச் சுவரிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் குவிந்திருப்பதாகக் கொண்டு திருப்புத்திறன்களைச் சமன்செய்தால், வலச் சுவரின் எதிர்விசை 64, இடச் சுவரின் எதிர்விசை 32 எனக் கிடைக்கும். இடமுனையிலிருந்து நடந்து செல்லச் செல்ல, 32 என்று தொடங்கிய வெட்டுவிசை (வெட்டுக்கு ஒரு பக்கத்தில் உள்ள விசைகளின் நிகரத் தொகை) மீட்டருக்கு 16 வீதம் குறைந்து, 2 மீட்டரில் சூனியமாகிறது. அவ்விடத்தில்தான் திருப்புத்திறன் உச்சமடைகிறது. அதன் அளவு 32 கிலோநியூட்டன் மீட்டர். வலச் சுவரின்மேல் அது குறிமாறி 18 ஆக நிற்கிறது. வெளிநீட்டம் இல்லாதிருந்தால் உச்ச அளவு 40.5 ஆகியிருக்கும்! வெளியே நீண்ட பகுதி உள்ளே உள்ள பகுதியை மேல்நோக்கி வளைத்து அதன் சுமையைத் தணிக்கிறது என்பது, கணக்கைச் செய்து பார்க்காதவருக்கு எளிதில் தோன்றாத உண்மை.

இவ்வளவுகளை உத்திரத்தின் நீளத்தைக் குறிக்கும் கோட்டின்மீது குத்துயரங்களாக நிறுத்தி இணைப்பதே திருப்புத்திறன் வரைபடம். அவ்வரைபடத்தின் சாய்வு ஒவ்வோரிடத்திலும் வெட்டுவிசைக்குச் சமம் என்னும் ஒரே விதியை உணர்ந்தவருக்கு மற்றவை தாமே விளங்கும். பளுவற்ற பகுதியில் வரைபடம் நேர்கோடு; தனிப்பளு வீழும் இடத்தில் முனைமுறிவு; சீராகப் பரவிய பளுவின் கீழ்ப் பரவளைவு. பரவிய பளுவின் கீழும் புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்துவிடுவது பயில்வோர் செய்யும் சாதாரணப் பிழை. எண்களைக் கையிலெடுக்கும் முன்பே வடிவத்தை வரைந்து பார்ப்பதுதான் இதற்குச் சிறந்த பரிகாரம்.

மேற்கூறிய உத்திரத்தில் இடமுனையிலிருந்து 4 மீட்டரில் வரைபடம் அடிக்கோட்டைக் கடக்கிறது. அப்புள்ளிக்கு இடப்புறம் அடிமுகமும் வலப்புறம் மேல்முகமும் இழுபடுகின்றன. கான்கிரீட் இழுவிசையைத் தாங்க வலுவற்றது. ஆகையால் கம்பி எந்தப் பக்கத்தில் கிடக்க வேண்டும் என்பதை நிர்ணயிப்பது இவ்வரைபடமே. ஜெர்மனி முதலிய நாடுகளில் வரைபடத்தை இழுபடும் பக்கத்திலேயே வரைவதன் பிரயோஜனமும் இதுவே. ஜன்னலுக்குமேல் நீட்டப்படும் சன்ஷேடு முழுவதும் எதிர்க்குறித் திருப்புத்திறனுக்கு உட்பட்டது. சுவரோரத்தில் அது உச்சமாகும். அதன் முக்கியக் கம்பிகள் மேல்முகத்தில் இருந்தாக வேண்டும். கான்கிரீட் போடுகையில் ஆட்கள் மிதித்துக் கம்பி அடியில் தாழ்ந்துவிட்டால், எத்தனை தடித்த கம்பியானாலும் பயனின்றி, முட்டுப் பிரித்ததும் சுவரோரம் விரிசல் கண்டு பலகம் விழ நேரிடும். கணக்குத் தாளில் ஒரு குறி மாறுவதும் இதே அபாயத்தையே விளைவிக்கும்.

சமன்பாடுகளின்றி வரைகோல் கொண்டே விடை காணும் முறை ஒன்றுண்டு. 1866-இல் ஜூரிக் நகரத்துப் பேராசிரியர் கார்ல் கூல்மான் வெளியிட்ட வரைநிலையியல் நூல் அதைப் பரப்பியது. உத்திரத்தின் மேலுள்ள பளுக்களை அதே இடங்களில் ஒரு தளர்ந்த கயிற்றில் தொங்கவிட்டால், முனைகளை இணைக்கும் கோட்டிலிருந்து கயிறு தாழும் ஆழம், அதன் கிடை இழுவிசையால் பெருக்கப்பட்டு, திருப்புத்திறனைத் தந்துவிடும் என்பதே அதன் அடிப்படை.

இதுவரை கூறிய கணக்குகளில் உத்திரம் மரமா, எஃகா, கான்கிரீட்டா என்ற கேள்விக்கே இடமில்லை. சமநிலை விதிகளே போதும். இரு முனைகளும் அசையாமல் இறுகிய உத்திரத்திலோ, பல தாங்கிகள்மேல் தொடர்ந்து செல்லும் உத்திரத்திலோ அவை போதா; வளைவின் அளவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முனைகள் இறுகிய உத்திரத்தில் மொத்தப் பளு சீராகப் பரவினால், முனைகளில் 12-ஆல் வகுத்த அளவும் நடுவில் 24-ஆல் வகுத்த அளவும் உண்டாகும். குறியை நீக்கி இரண்டையும் கூட்டினால் பழைய 8-ஆல் வகுத்த அளவே வரும், ஏனெனில் இறுக்கம் பரவளைவின் வடிவை மாற்றாமல் அதன் அடிக்கோட்டை மட்டுமே உயர்த்துகிறது. தொடர் உத்திரங்களுக்கு 1857-இல் கிளாப்பெய்ரோன் வெளியிட்ட மும்முனைத் திருப்புத்திறன் தேற்றம் வழிகாட்டியது; பல தளங்களைக் கொண்ட கட்டடச் சட்டங்களுக்கு அச்சமன்பாடுகள் கையால் தீர்க்க முடியாதபடி பெருகவே, அமெரிக்கப் பேராசிரியர் ஹார்டி கிராஸ் 1930-இல் ஒரு சிறு கட்டுரையில் திருப்புத்திறனைப் படிப்படியாகப் பங்கிட்டுச் சமன்செய்யும் முறையை வகுத்தார். கணிப்பொறி வரும்வரை உலகெங்கும் பொறியாளர்கள் அம்முறையையே பெரிதும் கையாண்டனர்.