குதிரை வரைய வராதவர் வரைந்த பூதங்கள்

குழந்தைக்குப் படப் புத்தகம் வாங்கும்போது நாம என்ன பார்ப்போம்? பயமுறுத்தக் கூடாது, நல்லது சொல்லித் தரணும். இந்த ரெண்டுலயும் தேறாத ஒரு புத்தகம் 60 வருஷம் தாண்டியும் விற்குது. மாரிஸ் செண்டாக் எழுதி வரைஞ்ச 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்'. அமெரிக்காவில் 1963-ல் வந்தது.

கதை சின்னது. மேக்ஸ்னு ஒரு பையன் ஓநாய் வேஷத்துல வீட்டையே ரெண்டாக்குறான். திட்டின அம்மாவையே தின்னுடுவேன்னு மிரட்டுறான். சாப்பாடு கிடையாதுன்னு ரூமுக்கு அனுப்பிடறாங்க. ரூம் காடாகுது. படகேறிப் போய் பூதங்களுக்கு ராஜா ஆகிடறான். கடைசியில வீட்டு ஞாபகம் வந்து திரும்பறான்.

முதல்ல செண்டாக் யோசிச்சது காட்டுக் குதிரைகள் பத்தின கதை. ஆனா அவருக்குக் குதிரை வரைய வரலை! பதிலுக்கு வந்தவைதான் பூதங்கள். அதுக்கு மாடல், புரூக்ளினில் அவர் வீட்டுக்கு வந்துபோன சொந்தக்காரங்க. போலந்துல இருந்து குடியேறிய யூதர்கள். கன்னத்தைக் கிள்ளி, 'அப்படியே தின்னுடலாம் போல இருக்கே'ன்னு கொஞ்சுவாங்களாம். நம்ம வீட்டு அத்தைகள் ஞாபகம் வருதா? அன்பும் பயமும் ஒரே முகத்துல இருக்கிறதைக் குழந்தை பார்த்திருக்கு.

படங்களைக் கவனிங்க. ஆரம்பத்துல வெள்ளைத் தாள் நடுவுல சின்னதா இருக்கும். கற்பனை விரிய விரியப் படமும் வளரும். பூதங்களோட ஆட்டம் வரும்போது பக்கம் முழுக்கப் படம்தான், ஒரு வார்த்தை கிடையாது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்கும் அந்தக் கோபத்தோட அளவு புரியும்.

பெரியவங்களுக்கு இது உறுத்திச்சு. சாப்பாடு தராம அனுப்புறது குழந்தையைக் கைவிடுற மாதிரின்னு உளவியலாளர் புரூனோ பெட்டல்ஹைம் 1969-ல் விமர்சிச்சார். ஆனா 1964-லேயே படப் புத்தகங்களுக்கான கால்டிகாட் விருது இதுக்குக் கிடைச்சிருந்தது.

கடைசிப் பக்கத்துல படமே இல்லை. வீடு திரும்பினவனுக்கு ராத்திரிச் சாப்பாடு காத்திருக்கு, அதுவும் சூடா. 'சூடு' வேண்டாம், 'வெதுவெதுப்பு' போதும்னு பதிப்பகத்துல சொன்னாங்களாம். செண்டாக் விடலை.

அந்தப் பிடிவாதம் சரிதான்னு நினைக்கிறேன். மேக்ஸ் எங்கயும் மன்னிப்புக் கேட்கலை, யாரும் அவனுக்கு நீதி சொல்லலை. கோபப்பட்டாலும் உனக்கு இங்க இடம் இருக்குன்னு அந்தச் சூடான சாப்பாடு சொல்லிடுது. தப்பு பண்ணிட்டு ரூமுக்குள்ள உட்கார்ந்திருக்கிற குழந்தைக்கு அறிவுரையை விட அதுதானே வேணும்? அதனாலதான் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுது.

உங்க சின்ன வயசுல அப்படி ஒரு புத்தகம் இருந்ததா? யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.