யவனர் இல்லாத யவனக் கரை

கரோல்பாகில் குடியிருந்த தமிழர்களுக்குத் திப்பியா காலேஜைத் தெரியாமல் இருக்காது. ஹகீம் அஜ்மல்கான் முயற்சியால் எழுந்து, 1921 பிப்ரவரியில் காந்தியடிகள் திறந்து வைத்த ஆயுர்வேத, யுனானி மருத்துவக் கல்லூரி அது. அந்தப் பெயர்ப் பலகையைத் தாண்டித்தான் முப்பது வருஷம் ஆபீசுக்கு பஸ் பிடித்தேன். 'யுனானி' என்ற சொல்லுக்கும் நம் சங்கப் புலவர்கள் ஆண்ட 'யவனர்' என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றுதான் என்று படித்ததுண்டு. அந்த வேர் முளைத்த மண்ணைக் கண்ணால் பார்க்கும் வாய்ப்பு 2023 ஜூன் மாதம் கிடைத்தது.

வாய்ப்புக்குக் காரணம் என் மகன். "காசி, பத்ரி எல்லாம் ஆச்சு. ஒரு தடவை கப்பல்ல போய்ட்டு வாங்களேன்" என்று எனக்கும் என் மனைவிக்கும் டிக்கெட் எடுத்துவிட்டான். ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் ஏறி, மிக்கோனோஸ், துருக்கிக் கரையிலுள்ள குஷாதாசி, பத்மோஸ், ரோட்ஸ், கிரீட், சாந்தோரினி என்று ஈஜியன் கடலைச் சுற்றி மறுபடி பிரேயஸ். மாடி மாடியாய் நிற்கும் சொகுசுக் கப்பல். மேல்தளத்தில் நீச்சல்குளம், ராத்திரி முழுக்கப் பாட்டு, நாளெல்லாம் சாப்பாடு. எங்களைப் போன்ற சைவர்களுக்கும் குறையில்லை. கத்தரிக்காய், கொண்டைக்கடலை, கெட்டித் தயிர் எல்லாம் அவர்கள் சமையலிலேயே உண்டு. சாந்தோரினியின் வெள்ளை வீடுகளைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அது காலண்டரிலேயே இருக்கிறது. நான் எழுத நினைப்பது, அந்தப் பயணத்தில் நான்கு மணி நேரம் மட்டுமே நின்ற ஒரு கரையைப் பற்றி.

இந்தக் கடலில் இன்பச் சுற்றுலா போவது புதிதல்ல. நம் கல்கத்தாவில் 1811இல் பிறந்த ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே, 1844இல் பி அண்ட் ஓ கம்பெனி கொடுத்த இலவசப் பயணத்தில் ஏதென்ஸ், ஸ்மிர்னா, ரோட்ஸ் எல்லாம் பார்த்து, அதைப் புத்தகமாகவும் போட்டார். 1867இல் 'குவேக்கர் சிட்டி' என்ற கப்பலில் வந்த மார்க் ட்வைன், தொற்றுநோய்த் தடையால் பிரேயஸில் இறங்க அனுமதி இல்லாதபோது, இரவில் திருட்டுத்தனமாகக் கரையேறி அக்ரோபோலிஸைப் பார்த்துவிட்டு வந்தார். 1950களில் பேராசிரியர்களைக் கூடவே ஏற்றிக்கொண்டு போகும் கப்பல்கள் வந்தன. அப்படி விரிவுரையாளராகப் போனவர்களில் ஒருவர் சர் மார்ட்டிமர் வீலர். ஆமாம், 1945இல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே வீலர்தான்.

அரிக்கமேட்டில் கிடைத்த இரண்டு கைப்பிடி மதுச்சாடித் துண்டுகளைப் பிற்பாடு நுணுகி ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல ஈஜியன் கடலின் காஸ், ரோட்ஸ் தீவுகளைச் சேர்ந்த வகை என்று கண்டார்கள். யவனர் நல்ல கலங்களில் கொண்டு வந்த மதுவைப் பற்றி நக்கீரர் பாண்டியன் நன்மாறனுக்குச் சொல்லும் பாட்டு புறநானூற்றில் 56ஆவது. ரோட்ஸ் துறையில் எங்கள் கப்பல் கயிறு கட்டியபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பாட்டுத்தான். என் மனைவி, "இங்கேயும் வந்து புறநானூறா?" என்றாள்.

இந்த 'யவனர்' யார்? கிரேக்கர்கள் தங்களை ஹெலனர் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அவர்களில் ஒரு பிரிவினர் ஈஜியனின் கிழக்குக் கரையில், அதாவது ஆசியாவின் மேற்கு ஓரத்தில், மிலேட்டஸ், எபேசு முதலிய பன்னிரண்டு நகரங்களில் வாழ்ந்தார்கள். சாமோஸ், கியோஸ் என்ற இரண்டு தீவுகளும் அந்தப் பன்னிரண்டில் சேர்த்தி. அந்த நாட்டுக்கு அயோனியா என்று பெயர். தத்துவ வரலாறு எழுதுகிறவர்கள் முதல் பெயராகச் சொல்லும் தேல்ஸ் மிலேட்டஸ்காரர். கிழக்கிலிருந்து வந்த பாரசீகர்களுக்கு முதலில் எதிர்ப்பட்ட கிரேக்கர்கள் இந்த அயோனியர்கள். ஆகவே எல்லாக் கிரேக்கரும் அவர்களுக்கு 'யவுன' ஆனார்கள். கி.மு. 520ஐ ஒட்டித் தாரியஸ் மன்னன் பெஹிஸ்தூன் மலையில் வெட்டுவித்த கல்வெட்டில் அந்தப் பெயர் இருக்கிறது. அசோகன் கல்வெட்டில் அது 'யோன'. வடமொழியில் 'யவன', தமிழில் 'யவனர்', அரபியில் 'யூனான்'. இந்தியிலும் கிரீஸுக்கு 'யூனான்' என்ற பெயர் உண்டு. துருக்கியர் கிரீஸைச் சொல்வது 'யுனானிஸ்தான்'.

இத்தனை மொழிகளுக்குப் பெயர் கொடுத்த அந்த ஆசியக் கரையில் இன்று கிரேக்கர்களே கிடையாது. இரண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் அங்கே இருந்தவர்கள், 1922, 1923 என்ற இரண்டே வருஷத்தில் இல்லாமல் போனார்கள். சொகுசுக் கப்பலில் கொடுத்த வழுவழுப்பான புத்தகத்தில் இதற்கு ஒரு வரி கூட இல்லை.

அந்தக் கடலில் ஊரைக் காலி செய்வது பழைய வழக்கம்தான். மிக்கோனோஸுக்குப் பக்கத்தில் டெலோஸ் என்று ஒரு சிறு தீவு, அப்போலோ பிறந்த புண்ணிய பூமி. கி.மு. 426இல் ஏதென்ஸ்காரர்கள் அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி அப்புறப்படுத்தி, இனி இத்தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது என்று சட்டம் போட்டார்கள். நான்கு வருஷம் கழித்து, உயிரோடிருந்தவர்களையும் வெளியேற்றினார்கள். போக்கிடம் இல்லாத டெலோஸ்காரர்களுக்கு ஆசியக் கரையில் இடம் கொடுத்தவன் ஒரு பாரசீக அதிகாரி. அடுத்த வருஷமே திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். 1923இல் போனவர்களுக்கு அப்படி ஒரு அழைப்பு வரவில்லை.

குஷாதாசியில் இறங்கியதும் எங்களை பஸ்ஸில் ஏற்றி எபேசுக்குக் கூட்டிப் போனார்கள். விவிலியம் படித்தவர்களுக்குத் தெரிந்த ஊர். ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். ஆற்று வண்டல் சேர்ந்து சேர்ந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நம் காவிரிப்பூம்பட்டினத்துக்கு நேர்ந்ததற்கு நேர் எதிர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வழிகாட்டி இஸ்மீர் நகரத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். செல்சஸ் நூலகத்தின் முகப்பைக் காட்டி எல்லாம் சொல்லி முடித்தாள். "அதெல்லாம் சரிம்மா, இந்த ஊர் கிரேக்கர்கள் என்ன ஆனார்கள்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டு, "பஸ்ஸில் சொல்கிறேன்" என்றாள்.

அவள் சொன்னதும் நான் முன்பே படித்திருந்ததும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இஸ்மீரின் பழைய பெயர் ஸ்மிர்னா. அத்திப்பழமும் திராட்சையும் புகையிலையும் ஏற்றுமதியான செல்வத் துறைமுகம். கிரேக்கர், துருக்கியர், ஆர்மீனியர், யூதர், ஐரோப்பிய வியாபாரிகள் என்று பல சாதிச் சனம். முதல் உலகப்போரில் துருக்கி தோற்றதும், வென்ற நாடுகளின் ஆசியோடு கிரேக்கப் படை 1919 மே 15 அன்று அங்கே இறங்கியது. இறங்கிய அன்றே துருக்கியர் பலர் கொல்லப்பட்டனர். உள்நாட்டில் வெகுதூரம் முன்னேறிய அந்தப் படை, 1922இல் முஸ்தபா கெமாலிடம் தோற்றுப் பின்வாங்கும்போது மனீசா, அலாஷெஹிர் முதலிய ஊர்களைக் கொளுத்திக்கொண்டே வந்தது. இதையும் சொல்லாமல் மற்றதை மட்டும் சொல்வது நியாயமாகாது.

துருக்கிப் படை 1922 செப்டம்பர் 9ஆம் தேதி ஸ்மிர்னாவுக்குள் நுழைந்தது. 13ஆம் தேதி தீ பிடித்தது. ஆர்மீனியப் பகுதியும் கிரேக்கப் பகுதியும் எரிந்து போயின. துருக்கியர் பகுதி பெரும்பாலும் தப்பித்தது. தீ வைத்தவர்கள் துருக்கிப் படையினர் என்று கண்ணால் கண்டவர்கள் பலர் எழுதி வைத்தார்கள். துருக்கி நாட்டு நூல்கள் மறுக்கின்றன. முன்னால் கடல், பின்னால் தீ, நடுவே கப்பல்துறைச் சுவரின் மேல் லட்சக்கணக்கான சனங்கள். துறையில் பிரிட்டிஷ், பிரெஞ்சு, இத்தாலிய, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் நங்கூரம் போட்டு நின்றன. தத்தம் நாட்டுக் குடிகளை ஏற்றிக்கொள்ளத்தான் அவர்களுக்கு உத்தரவு, மற்றபடி நடுநிலை. பிறகு மனம் கேட்காமல் ஒரு பகுதியினரை ஏற்றினார்கள்.

மிச்சப் பேரைக் காப்பாற்ற வழி செய்தவர் ஏசா ஜென்னிங்ஸ் என்ற அமெரிக்கப் பாதிரியார். காசநோயால் முதுகு வளைந்த குள்ள மனிதர். ஒய்.எம்.சி.ஏ. வேலையாக அந்த ஊருக்கு வந்து ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. எதிரே மிடிலினித் தீவில் கிரேக்கக் கப்பல்கள் சும்மா நிற்பதைப் பார்த்து, ஏதென்ஸ் அரசுக்குத் தந்திக்கு மேல் தந்தி அடித்து, "கப்பல் தராவிட்டால் உலகத்துக்கே சொல்லிவிடுவேன்" என்று மிரட்டி வாங்கினார். செப்டம்பர் 24 முதல் ஏற்றத் தொடங்கினார்கள். பெண்கள், குழந்தைகள், கிழவர்கள் போகலாம். 18 முதல் 45 வயது ஆண்களைத் துருக்கிப் படை போர்க்கைதிகளாக நிறுத்திக்கொண்டது. அவர்களில் பலர் உள்நாட்டுக்கு நடத்திக்கொண்டு போகப்பட்டுத் திரும்பவில்லை.

இது போர். போரில் நடப்பது என்று சொல்லிவிடலாம். அடுத்து நடந்ததுதான் எனக்கு உறுத்துகிறது, ஏனென்றால் அது கோட்டு சூட்டுப் போட்டவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, நிதானமாகச் செய்தது. 1923 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் கிரீஸும் துருக்கியும் மக்கள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. துருக்கியிலுள்ள ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் கிரீஸுக்கு, கிரீஸிலுள்ள முஸ்லிம்கள் துருக்கிக்கு. கட்டாயம். இஸ்தான்பூல் கிரேக்கர்களுக்கும் மேற்குத் திரேஸ் முஸ்லிம்களுக்கும் மட்டும் விலக்கு. முன்பே ஓடியவர்களையும் சேர்த்து ஏறத்தாழ 12 லட்சம் பேர் ஒரு பக்கம், மூன்றரை முதல் நான்கு லட்சம் பேர் மறுபக்கம்.

யார் கிரேக்கன், யார் துருக்கியன் என்று எதை வைத்துத் தீர்மானித்தார்கள்? மதத்தை வைத்து. தாய்மொழியை யாரும் கேட்கவில்லை. அனடோலியாவின் நடுவே கரமன்லி என்று ஒரு கிறிஸ்தவக் கூட்டம். அவர்களுக்குத் துருக்கி மொழி தவிர வேறு தெரியாது. அதையே கிரேக்க எழுத்தில் எழுதி வேதம் படித்தவர்கள். அவர்களைக் கிரீஸுக்கு அனுப்பினார்கள். கிரீட் தீவு முஸ்லிம்களுக்குக் கிரேக்கம்தான் பேச்சு. அவர்களைத் துருக்கிக்கு அனுப்பினார்கள். போன இடத்தில் கிறிஸ்தவ அகதிக்கு 'துருக்கி வித்து' என்று பெயர். இந்தப் பக்கம் வந்த முஸ்லிமுக்கு 'அரைக் காஃபிர்' என்று பெயர்.

சொல்லிக்கொண்டே வந்த வழிகாட்டிப் பெண், "என் பாட்டியை அப்படித்தான் கூப்பிட்டார்கள்" என்றாள். பாட்டி பிறந்தது கிரீட்டில், கந்தியா நகரில். இன்று அதற்கு ஹெராக்லியோன் என்று பெயர். சின்னப் பெண்ணாகக் கப்பலேறி வந்தவளுக்குக் கடைசி வரை துருக்கி சரியாக வாயில் நுழையவில்லை. கடைத்தெருவில் வாயைத் திறக்காமல் கையால் காட்டித்தான் சாமான் வாங்குவாளாம். வீட்டுக்குள் தாலாட்டு, திட்டு, கணக்கு எல்லாம் கிரேக்கத்தில். "அப்பாவுக்குப் புரியும், பேச வராது. எனக்கு அதுவும் இல்லை" என்றாள். நம் பேரன் பேத்திகளை நினைத்துக்கொண்டேன். நாமாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தவர்கள், நம் கதை வேறு, இருந்தாலும் நினைத்துக்கொண்டேன்.

கிரீஸுக்குப் போய்ச் சேர்ந்தவர்கள் 1928 கணக்குப்படி அந்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர். பள்ளிக்கூடம், கோயில், நாடகக் கொட்டகை எல்லாவற்றிலும் படுக்கப் போட்டார்கள். பிரேயஸைச் சுற்றியும் ஏதென்ஸைச் சுற்றியும் புதுக் குடியிருப்புகள் எழுந்தன. அவற்றுக்கு நேயா ஸ்மிர்னி, நேயா இயோனியா என்று பெயர் வைத்தார்கள். புது ஸ்மிர்னா, புது அயோனியா. டில்லிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். குஜ்ரான்வாலா டவுன் என்று நம் ஊரிலேயே இருக்கிறதே! கரோல்பாகில் எங்கள் வீட்டுக்காரர் லாயல்பூரிலிருந்து வந்தவர். மே மாசம் நாங்கள் பெட்டி கட்டும்போது, "நீங்கள் வருஷா வருஷம் ஜி.டி. எக்ஸ்பிரஸில் ஊருக்குப் போகிறீர்கள், மதராசி பாபு. என் ஊருக்கு எந்த ரயில்?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பார். பிரிவினைக்கு முன்பே, 1940இல் வெளிவந்த பாகிஸ்தான் பற்றிய தம் நூலில், டாக்டர் அம்பேத்கர் கிரீஸ், துருக்கி, பல்கேரியா மக்கள் பரிமாற்றத்தை எடுத்துக்காட்டி, சிறுபான்மையினர் சிக்கலுக்கு அதையே நிலையான தீர்வாக முன்வைத்தார். அன்றைக்கு உலகம் முழுக்க லோசானை ஒரு வெற்றியாகத்தான் பார்த்தார்கள். பேத்தி வரை இழுக்கும் வலி ஒப்பந்தக் காகிதத்தில் தெரிவதில்லை.

விதிவிலக்கும் உண்டு. ரோட்ஸும் காஸும் அப்போது இத்தாலியர் கையில் இருந்ததால் ஒப்பந்தம் அங்கே செல்லவில்லை. அதனால்தான் அவ்விரு தீவுகளிலும் இன்றும் முஸ்லிம் குடும்பங்கள் இருக்கின்றன. ஆனால் அந்த ரோட்ஸிலிருந்தே 1944 ஜூலையில் ஜெர்மானியர் யூதர்களைக் கப்பலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். ரோட்ஸ், காஸ் இரண்டிலுமாக ஏறத்தாழ 1,700 பேர். திரும்பியவர்கள் நூற்றைம்பது பேர் போல. 2015இல் இதே துருக்கிக் கரையிலிருந்து சிரியா, ஆப்கானிஸ்தான் அகதிகள் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ரப்பர் படகுகளில் இதே தீவுகளுக்கு வந்தார்கள். குஷாதாசிக்கு எதிரே தெரியும் சாமோஸ், கரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் சொச்சம் வரை நெருங்கி வருகிறது.

பஸ் துறைமுகத்துக்குத் திரும்பியதும் அந்தப் பெண் என் போன் நம்பரை வாங்கிக்கொண்டாள். துருக்கிப் பாஸ்போர்ட்டுக்குக் கிரீஸ் விசா எளிதில் கிடைப்பதில்லை. இரண்டு தடவை கேட்டும் ஆகவில்லையாம். "கந்தியாவில் வஸீர் மசூதி என்று ஒன்று இருந்தது. பாட்டியின் வீடு அதற்குப் பின் தெரு. முடிந்தால் ஒரு படம்" என்றாள்.

கிரீட்டில் இறங்கியதும் மற்றவர்கள் நாஸஸ் அரண்மனை பார்க்கப் போனார்கள். நாங்கள் இருவரும் விசாரித்துக்கொண்டு நடந்தோம். அது இப்போது புனித தீத்து ஆலயம். முஸ்லிம்கள் போனபின் மினாரை எடுத்துவிட்டு 1925இல் தேவாலயமாக்கினார்கள். முகப்பின் கல் வேலைப்பாடு பழைய மசூதியுடையதுதான். பின்னால் ஒரு குறுகலான தெருவில் காப்பிக் கடைகள். ஆலயத்தை நான்கு பக்கமும், தெருவை இரண்டு பக்கமுமாகப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

சாயங்காலம் கப்பல் கிளம்பும்போது பதில் வந்தது. அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பெரிசாக்கிப் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இன்னும் போனைத் திருப்பித் தரவில்லை, அம்மா போனிலிருந்து அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாள்.