ஸ்டியரிங்கின் நடுக்கம்: பழுதுபார்ப்பின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

சற்று நீண்ட பதிவு, பொறுத்தருள்க. தொழில்நுட்ப வரலாற்றில் ஆர்வமுள்ள மாணவர்களை மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

கொல்கத்தாவில் நான் குடியிருக்கும் வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற பேராசிரியர். 1990களின் நடுவில் வாங்கிய அம்பாசடர் ஒன்றை இன்றும் அவரே ஓட்டுகிறார். சென்ற ஆண்டு அதில் இரண்டு குறைகள் தோன்றின. பள்ளத்தில் இறங்கும்போதும் ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதும் முன்பக்கத்திலிருந்து ‘டக்’கென்று ஓர் ஒலி எழும். வேகத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் இருபுறமும் நடுங்கும். நவீனப் பணிமனை ஒன்றில் சக்கரங்களைச் சமன்செய்தார்கள்; முன்டயர் இரண்டையும் மாற்றினார்கள்; டை ராடு முனைகளையும் மாற்றினார்கள். பெருந்தொகை செலவாயிற்று. குறைகள் இரண்டும் அப்படியே இருந்தன.

பிறகு மல்லிக் பஜார் பக்கம் ஒரு முதிய மிஸ்திரியிடம் சென்றோம். அவர் வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன்பு கேள்விகள்தாம் கேட்டார். பிரேக் மிதிக்காதபோதும் நடுங்குகிறதா? நடுக்கம் கையில் தெரிகிறதா, இருக்கையில் தெரிகிறதா? நின்ற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒலி வருகிறதா? இக்கேள்விகள் ஒவ்வொன்றின் பின்னும் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்க, ஐரோப்பியக் கார்களில் ஒரு புதிய நோய் பரவிற்று. முன்சக்கரங்கள் திடீரென இடவலமாகப் படபடவென்று அடித்துக்கொள்ளும். ஓட்டுநரின் கையிலிருந்து ஸ்டியரிங் பறித்துக்கொண்டு ஆடும். அக்காலத்தில் உடலைக் குலுக்கி ஆடப்பட்ட ‘ஷிம்மி’ நடனத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். குறைந்த காற்றழுத்தம் கொண்ட பலூன் டயர்கள் 1923 அளவில் புழக்கத்துக்கு வந்தன. முன்சக்கரங்களுக்கும் பிரேக் பொருத்தும் வழக்கம் அதே ஆண்டுகளில் பரவியது. மென்மையான டயரும் சக்கரத்தோரம் கூடிய எடையும் சேர்ந்தன. முன்னச்சோ இரு சக்கரங்களையும் பிணைத்த ஒரே இரும்புத் தண்டு. ஒரு சக்கரம் மேடேறினால் அச்சு சாயும். சுழலும் சக்கரம் பம்பரத்தின் இயல்புப்படி அச்சாய்வுக்கு எதிர்வினையாகத் திரும்பும். அத்திருப்பம் மறுபடி சாய்வைத் தூண்டும். தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும் சுழற்சி இது.

பொறியாளர்கள் முதலில் பாகங்களைத்தாம் குற்றவாளியாக்கினார்கள். ஸ்டியரிங் பெட்டி, ஸ்பிரிங், டயர் என்று ஒவ்வொன்றாகக் குறை கூறி, இறுக்கி, மாற்றிப் பார்த்தார்கள். 1925இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் புரூலியே எழுதிய ஆய்வுரை, டயர் தான் நோக்கும் திசையிலிருந்து சிறிது பக்கவாட்டில் விலகியே உருள்கிறது என்ற கருத்தை முன்வைத்தது. நடுக்கத்தை ஒரு பாகத்தில் தேடாமல், டயர், அச்சு, ஸ்டியரிங் மூன்றும் சேர்ந்த அமைப்பில் தேட இது வழிவகுத்தது. ரோல்ஸ்-ராய்ஸிலிருந்து 1930இல் ஜெனரல் மோட்டார்ஸுக்குச் சென்ற மாரிஸ் ஆலி இத்திசையில் உழைத்தார். 1934ஆம் ஆண்டு மாடல்களில் அந்நிறுவனம் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் தனித்தனித் தாங்கமைப்பைக் கொண்டுவந்தது. பயணச் சுகம் மட்டும் அதற்குக் காரணமன்று. ஷிம்மியை ஒழிப்பதும் ஒரு பெருங்காரணம்.

அம்பாசடர் இவ்வரலாற்றின் வாரிசு. 1950களின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தபோது அதற்கு இப்பெயர் வந்தது. தனித் தாங்கமைப்பு, ஸ்பிரிங்குக்கு மாற்றாக முறுக்குத்தண்டு, ரேக்-பினியன் ஸ்டியரிங் ஆகியன அதன் முன்புறத்தில் இருந்தன. அந்நாளில் இவை முற்போக்கான ஏற்பாடுகள். ஆனால் 2014இல் உற்பத்தி நின்றவரை அதன் அடிப்படை உருவம் பெரிதும் மாறவில்லை. உரிமக் கட்டுப்பாட்டுப் பொருளாதாரத்தின் தேக்கம் என்று இதைச் சொல்வது வழக்கம். அதில் உண்மையும் உண்டு. எனினும் ஒரே வடிவம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்ததால், அதன் ஒவ்வொரு ஒலிக்கும் பொருள் சொல்லும் ஓர் அறிவு மரபு தெருவோரப் பணிமனைகளில் திரண்டது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

மிஸ்திரியின் சோதனைக்கு வருகிறேன். முன்புறத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தைப் பக்கவாட்டில் இரு ஓரங்களிலும் பிடித்து ஆட்டினார், ஆட்டம் இல்லை. அங்கே ஆட்டம் இருந்தால் டை ராடு முனையையோ ரேக்கையோ ஐயுறலாம். அடுத்து மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினார். இடச்சக்கரத்தில் தெளிவான ஆட்டம். அது சக்கர பேரிங்கா, கிங்பின்னா? என்னை உள்ளே உட்கார்ந்து பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். பிரேக் பிடித்ததும் சக்கரமும் அதைத் தாங்கும் பகுதியும் ஒரே பொருளாகிவிடும். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையாவிட்டால் அதற்கு அப்பால் உள்ள கிங்பின் மூட்டு. ஆட்டம் மறையவில்லை.

பிறகு டிரம்மைக் கழற்றி உட்புறத்தை அளந்தார். வட்டம் சற்று நீள்வட்டமாகியிருந்தது. வெப்பமும், சக்கர நட்டுகளைச் சீரின்றி மிகையாக முறுக்குவதும் இதற்குக் காரணமாகலாம். கோணிய டிரம் ஒவ்வொரு சுற்றிலும் பிரேக்கைப் பிடித்து விடுகிறது. தேய்ந்த கிங்பின் அந்தச் சிறு துடிப்பைப் பெரிதாக்கி ஸ்டியரிங்குக்கு அனுப்புகிறது. பணிமனையார் இரண்டு குறை என்று எண்ணியது உண்மையில் ஒன்று மற்றொன்றைப் பெருக்கிய ஒரே அமைப்பு. 1920களின் பொறியாளர்கள் பல ஆண்டுகள் தடுமாறி அடைந்த இடமும் இதுவே.

“டிரம்மை மட்டும் கடைந்து கொடுத்தால் நடுக்கம் நின்றுவிடுமே, தாதா?” என்றேன். நிற்கும், பெருமளவு குறையும், அதனால்தான் முதலில் அதைச் செய்யமாட்டேன் என்றார். நடுக்கம் நின்றால் வண்டிக்காரர் நிம்மதியாகப் போய்விடுவார். ‘டக்’ ஒலிக்குக் காது பழகிவிடும். ஒருநாள் மூட்டு விட்டுப்போய்ச் சக்கரம் மடிந்து விழும். ஆளைப் பணிமனைக்கு வரவழைப்பது நடுக்கம்; ஆளைக் கொல்லக்கூடியது ஒலி. கிங்பின்னை முடித்த பிறகே டிரம்மைக் கடைசலுக்கு அனுப்பினார்.

டேவிட் எட்ஜர்டன் 2006இல் எழுதிய ‘தி ஷாக் ஆஃப் தி ஓல்ட்’ நூல், தொழில்நுட்ப வரலாற்றைக் கண்டுபிடிப்பின் பக்கமிருந்து பயன்பாட்டின், பராமரிப்பின் பக்கம் திருப்பியது. அந்நூலைப் பலரும் மேற்கோள் காட்டுகிறோம். ஆனால் களத்துக்குச் சென்றால் நம் முறையியல் திணறுகிறது. பிரேக் மிதித்த கணத்தில் விரல் உணர்ந்த ஆட்டத்தை அடிக்குறிப்பில் எப்படிக் குறிப்பது? என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஓராண்டாக இங்கேதான் நிற்கிறது. நெறியாளர் பொறுமையானவர்.

காலமும் அதிகமில்லை. பதினைந்து ஆண்டு கடந்த வணிக வாகனங்களைக் கொல்கத்தாப் பெருநகரிலிருந்து விலக்கும்படி கல்கத்தா உயர்நீதிமன்றம் 2008இல் ஆணையிட்டது. நகரின் காற்றை எண்ணினால் அது தேவையான ஆணை. அதை நான் குறைகூறவில்லை. மஞ்சள் டாக்சிகள் குறையக் குறைய, அவற்றை நம்பியிருந்த பணிமனைகளும் குறைகின்றன. புதிய தலைமுறை மெக்கானிக்குகள் மேக்ஃபெர்சன் ஸ்ட்ரட்டில் தொழில் பழகியவர்கள். கிங்பின்னை அவர்கள் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். அந்நவீனப் பணிமனையார் தவறிழைத்ததும் அலட்சியத்தால் அன்று. அவர்களுக்குத் தெரிந்த கார் வேறு.

மிஸ்திரியிடம் குறிப்பேடு ஏதும் இல்லை. நான் எழுதிக்கொண்டதைப் படித்துக் காட்டச் சொன்னார். ஓரிடத்தில் நிறுத்தி, பேரிங்கில் ஆட்டம் இருந்தால் கிங்பின் ஆட்டத்தை மறைக்கும், ஆகவே பேரிங்கை முதலில் சரிசெய்துவிட்டு மறுபடி ஆட்டிப் பார்க்க வேண்டும் என்று சேர்க்கச் சொன்னார். சேர்த்துவிட்டேன். அம்பாசடர், பிரீமியர் பத்மினி வண்டிகளின் பழைய பணிமனைக் கையேடுகளோ, மெக்கானிக்குகள் கைப்பட எழுதிய குறிப்புகளோ எம்மொழியில் இருந்தாலும், வைத்திருப்போர் தெரிவித்தால் நேரில் வந்து படியெடுத்துக்கொள்வேன்.