நீலக்கனியும் நெருப்பும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்கு மூலையில், கனடா எல்லையை ஒட்டி மேய்ன் மாநிலம் அமைந்துள்ளது. அதன் கீழ்க்கோடியாகிய வாசிங்டன் மாவட்டத்தில் மரமின்றிப் பரந்து கிடக்கும் மேட்டு நிலங்கள் உண்டு. பனியூழியின் இறுதியில் பனிப்பாறைகள் உருகி விட்டுச்சென்ற மணலும் பரற்கற்களுமே அந்நிலம். உழவுக்கு ஒவ்வாத அப்புளிப்பு மண்ணில் முழங்காலுக்கும் தாழ்ந்தே வளரும் செடியொன்று தழைக்கிறது. ஆகஸ்டுத் திங்களில் அதன்கண் மணத்தக்காளிப் பழத்தையொத்த நீலக்கனிகள் கொத்துக் கொத்தாய்ப் பழுக்கின்றன. அந்நாட்டார் இதனைக் காட்டு நீலக்கனி என்பர். பெயர் முழுதும் பொருந்துவதன்று.

இச்செடியை எவரும் நட்டதில்லை என்பது உண்மையே. மண்ணுக்கடியில் ஓடும் தண்டினால் தானே பரவுவது அதன் இயல்பு. ஆயினும், வாளா விட்டால் புதரும் மரமும் ஓங்கி அதனை மூடிவிடும். ஆதலின் பாசமகுவாடி முதலிய தொல்குடியினர் நிலத்திற்குத் தீயிட்டு வந்தனர். மேலுள்ளது கரியும், மண்ணுள் கிடக்கும் தண்டு பிழைத்துத் தளிர்விடும், மறு ஆண்டு காய்க்கும். விதையா வேளாண்மை என்றே இதனைச் சொல்லலாம். 1615-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரராகிய சாம்ப்ளேன், மேற்கே ஹியூரான் ஏரிப் பக்கத்துத் தொல்குடியினர் இக்கனியை உலர்த்திக் குளிர்காலத்திற்குச் சேமித்ததைக் கண்டு எழுதினார்.

குடியேறிய வெள்ளையர் தீயிடும் முறையைக் கற்றுக்கொண்டனர், நிலத்தையும் கைக்கொண்டனர். மேய்ன் அந்நாளில் மாசசூசெட்ஸ் ஆட்சிக்குட்பட்டிருந்தது. அவ்வரசு 1794-இல் செய்த உடன்படிக்கையால் பாசமகுவாடியர் தம் நிலத்தின் பெரும்பகுதியை இழந்தனர். பின்னர் 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில், தகரக் குவளைகளில் அடைத்த நீலக்கனி வடபுலப் படைவீரருக்கு உணவாயிற்று. வணிகம் பெருகவே, விரலால் கொய்த நிலை மாறிப் பல பற்களையுடைய முறம் போன்ற வாரி வந்தது. குனிந்த முதுகு நிமிராமல் அதனைச் செடியினூடே செலுத்த வேண்டும். கலந்து வரும் இலையையும் சருகையும் தூற்றிக் களைய வேண்டும். கூலி பெட்டிக் கணக்கில்தான். ஆகஸ்டுதோறும் பாசமகுவாடியரும், கனடாவிலிருந்து மிக்மாக் மக்களும் குடும்பத்தோடு வந்து குடில்களில் தங்கி வாரினர். முன்னோர் தீயிட்டுப் பேணிய நிலத்தில் மக்கள் கூலியாட்கள்!

1790-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூட்டாட்சியின் இசைவின்றித் தொல்குடியினர் நிலத்தைப் பெறுதல் செல்லாது. 1794 உடன்படிக்கைக்கு அவ்விசைவு இருந்ததில்லை. இதனைப் பற்றுக்கோடாகக் கொண்டு பாசமகுவாடியர் வழக்காடினர். அவர்களைக் காக்கும் கடமை கூட்டாட்சிக்கு உண்டென 1975-இல் மேல்முறையீட்டு மன்றம் தீர்ப்பளித்தது. 1980-இல் இணக்கச் சட்டம் பிறந்தது. மூன்று குடியினருக்குமாக 8 கோடியே 15 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளுக்குள் பாசமகுவாடியர் பெரிய நீலக்கனிப் பண்ணையொன்றை வாங்கினர். மீட்டனர் என்னாது வாங்கினர் என்றே எழுத வேண்டியுள்ளது. தம் பழைய நிலப்பரப்பிலேயே அவர்கள் விலை கொடுத்தனர்.

இப்போது சமநிலத்தில் பொறிகள் அறுவடை செய்கின்றன. பாறைகள் மிகுந்த இடங்களில் கைவாரியே வேண்டியிருக்கிறது. அதற்கென மிக்மாக் குடும்பங்கள் இன்றும் எல்லை கடந்து வருகின்றன.