ராத்திரி ரெண்டு மணி டிராஃபிக்: விர்ச்சுவல் மெஷின் பேக்கப் வேகமான கதை

இன்னிக்கு எபிசோட், நாம எல்லாரும் தூங்குற நேரத்துல டேட்டா சென்டர்ல நடக்கிற ஒரு வேலையைப் பற்றி: விர்ச்சுவல் மெஷின் பேக்கப். இந்த வரலாற்றில் எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. பேக்கப்போட வேகம் பெரும்பாலும் கூடினது, படிக்க வேண்டிய டேட்டாவைக் குறைச்சதாலதான். அதுக்கு ஒரு விலையும் இருந்தது. அதைக் கடைசியில சொல்றேன்.

2001-ல விஎம்வேர் கம்பெனியோட இஎஸ்எக்ஸ் சர்வர் வந்தது. அதுவரைக்கும் பொதுவா ஒரு அப்ளிகேஷனுக்கு ஒரு சர்வர். சிபியு பாதி நேரம் சும்மாதான் இருக்கும். ராத்திரி பேக்கப் ஏஜென்ட் அந்த மிச்ச சக்தியை எடுத்து ஓடும், யாருக்கும் தொந்தரவு இல்லை. இப்போ இருபது சர்வரை ஒரே பெட்டிக்குள்ள போட்டாச்சு. மிச்சம் காலி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். 20 மெஷின், ஒவ்வொண்ணுலயும் 100 ஜிபி. மொத்தம் 2 டிபி. ஒரு கிகாபிட் நெட்வொர்க்ல நொடிக்கு 100 எம்பி போகுதுன்னு வச்சுக்கிட்டா 20,000 நொடி. அதாவது அஞ்சரை மணி நேரம். அதுவும் எல்லாம் ஒழுங்கா நடந்தா.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துக்கிச்சு. 2003-ல வந்த விமோஷன், ஓடிக்கிட்டிருக்கிற மெஷினை ஒரு சர்வர்ல இருந்து இன்னொண்ணுக்கு நிறுத்தாமலே மாத்தும். அதுக்கு ரெண்டு சர்வருக்கும் ஒரே டிஸ்க் தெரியணும். அதனால எல்லா டிஸ்க்கும் பொதுவான ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க்குக்கு, அதாவது ‘சான்’ பக்கம் போச்சு. அபார்ட்மென்ட்ல எல்லா வீட்டுக்கும் ஒரே தண்ணி டேங்க் மாதிரி. எல்லாரும் ஒரே நேரத்துல குழாயைத் திறந்தா என்ன ஆகும்?

2006-ல விஎம்வேர் ‘கன்சாலிடேட்டட் பேக்கப்’ கொண்டு வந்தாங்க. சான்ல நேரடியா இணைந்த ஒரு தனி விண்டோஸ் சர்வர், ஸ்னாப்ஷாட்டில் இருந்து டேட்டாவைப் படிக்கும். ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் மற்ற சர்வர்களுக்கும் பாரம் குறைஞ்சது. ஆனா முழு மெஷினையும் எடுக்கணும்னா, முதல்ல அந்தத் தனி சர்வரோட டிஸ்க்ல காப்பி, அப்புறம் அங்கிருந்து பேக்கப்புக்கு இன்னொரு காப்பி. ஒரே டேட்டா ரெண்டு தடவை பயணம்.

ஸ்னாப்ஷாட்டுக்கும் ஒரு செலவு உண்டு. ஸ்னாப்ஷாட் எடுத்த பிறகு புதுசா எழுதுறதெல்லாம் ஒரு தனி ஃபைலுக்குப் போகும். அந்த ஃபைல் வளர வளர, பொது டிஸ்க்கோட கணக்குப் புத்தகத்தைத் திருத்தணும். அப்போ அந்த சர்வர் முழு டிஸ்க்கையுமே ஒரு கணம் பூட்டிடும். மற்ற சர்வர்கள் வாசல்ல நிக்கணும். 2010-ல வந்த விஸ்பியர் 4.1, ஸ்டோரேஜ் பெட்டி ஒத்துழைச்சா தேவையான இடத்தை மட்டும் பூட்டுற வழியைக் கொடுத்தது.

பெரிய திருப்பம் 2009-ல விஸ்பியர் 4-ஓட வந்தது. முதல் விஷயம், பேக்கப் சாஃப்ட்வேர் நேரடியாவே படிக்கலாம், நடுவுல காப்பி வேண்டாம். ரெண்டாவது, ‘சேஞ்ச்டு பிளாக் டிராக்கிங்’. எந்தெந்த பிளாக் மாறிச்சுன்னு ஹைப்பர்வைசரே குறிச்சு வைக்கும், அபார்ட்மென்ட் வாட்ச்மேன் நோட்டு மாதிரி. பேக்கப் சாஃப்ட்வேர் வந்து, “போன தடவைக்கு அப்புறம் எதெல்லாம் மாறிச்சு?”ன்னு கேட்கும். பதில்ல வர்றதை மட்டும் படிக்கும். நம்ம 2 டிபி-ல 3 சதவீதம் மாறியிருந்தா, 60 ஜிபி போதும். பத்தே நிமிஷம்.

சரி, அந்த விலை? நோட்டு தப்பா இருந்தா?

2014-ல அதுதான் தெரிய வந்தது. டிராக்கிங் ஓடும்போது ஒரு விர்ச்சுவல் டிஸ்க்கை 128 ஜிபி எல்லையைத் தாண்டிப் பெருசாக்கினா, மாறின பிளாக்குகளோட பட்டியல் தப்பா வரலாம். மாறின பிளாக் விடுபட்டா, பேக்கப் அதை எடுக்காது. ஆனா வேலை முடிஞ்சதும் பச்சை டிக் வரும். ரீஸ்டோர் பண்ற அன்னிக்குத்தான் ஓட்டை தெரியும். அப்போ சொன்ன தற்காலிகத் தீர்வு, டிராக்கிங்கை அணைச்சுட்டுத் திரும்பப் போடுறது. அடுத்த பேக்கப் முழு டிஸ்க்கையும் முதல்ல இருந்து படிக்கும். பழைய அஞ்சரை மணி நேரமே திரும்பி வந்த மாதிரி.

பிறகு பேட்ச் வந்தது. ஆனா நான் இதுல எடுத்துக்கிற பாடம் அந்த ஒரு பக்கோட முடியலை. படிக்காம விட்ட ஒவ்வொரு பிளாக்கும், “அது மாறலை”ன்னு யாரோ சொன்னதை நம்பி விட்டது. வேகத்துல மிச்சமான நேரத்துல கொஞ்சத்தை ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கச் செலவு பண்றதுதான் நியாயம். நாளைக்கு உங்க டீம்ல ஒரு கேள்வி கேளுங்க: கடைசியா எப்போ ஒரு மெஷினைத் திரும்பக் கொண்டுவந்து பார்த்தோம்?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.